சீஃபேக்ஸ்: 38 வருடம் ஓடி நின்ற பக்கங்கள்

2012 அக்டோபர் 23ஆம் தேதி, இரவு 11 மணி 32 நிமிடம் 19 விநாடி. பிரிட்டனில் பிபிசியின் சீஃபேக்ஸ் சேவை நின்று போனது. வட அயர்லாந்தில் நாட்டின் கடைசி அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்துகிற வேலையை மேரி பீட்டர்ஸ் என்ற முன்னாள் தடகள வீராங்கனையிடம் கொடுத்திருந்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் பென்டாத்லான் போட்டியில் தங்கம் வாங்கியவர் அவர். சீஃபேக்ஸ் என்று ஒன்று வரப்போகிறது என பிபிசி அறிவித்ததும் அதே 1972ல்தான். யாராவது யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்த பொருத்தமா, தெரியாது. எப்படியோ பொருந்தியிருக்கிறது.

சீஃபேக்ஸ் என்பது டெலிடெக்ஸ்ட் வகைச் சேவை. டெலிடெக்ஸ்டா, அது என்ன என்று கேட்பவர்கள் பழைய கலர் டிவியின் ரிமோட்டை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். அதில் 'டெக்ஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் அதைத் தவறுதலாக அழுத்தி, கறுப்புத் திரையைப் பார்த்து பயந்து, மறுபடி அழுத்திப் படத்தை வரவழைத்திருப்பார்கள். இத்தனைக்கும் 1985லேயே தூர்தர்ஷன் டெல்லியில் இன்டெக்ஸ்ட் என்ற பெயரில் இந்தச் சேவையைத் தொடங்கியது. ஆனால் அது நாடு முழுக்கப் பிரபலமாகவில்லை. எனவே அந்தப் பொத்தானுக்கு நம் வீடுகளில் வேலையே இல்லாமல் போயிற்று.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே அந்தப் பொத்தானை அழுத்தி மூன்று இலக்க எண்ணை அடித்தால் அந்தப் பக்கம் திரையில் வரும். 100 என்றால் பொருளடக்கம். 101 தலைப்புச் செய்திகள். 302 கால்பந்து. 340 கிரிக்கெட். 888 அடித்தால் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சிக்குக் கீழே வசன எழுத்துகள் வரும். கம்ப்யூட்டர் வேண்டாம், போன் லைன் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். வீட்டில் டெலிடெக்ஸ்ட் வசதியுள்ள டிவி இருந்தால் போதும். உலகளாவிய வலை பொதுமக்கள் கைக்கு வந்த 1991க்கு 17 வருடம் முன்பே இது நடந்தது!

சரி, எப்படி வேலை செய்தது? அந்தக்கால அனலாக் டிவியில் (நம்முடையதும் அதே முறைதான்) ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. ஆனால் அத்தனை கோடும் திரையில் தெரியாது. டிவிக் குழாயில் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றை கடைசிக் கோட்டை முடித்துவிட்டு மறுபடி மேலே போய்ச் சேர கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்காகச் சில கோடுகளைக் காலியாக விட்டிருந்தார்கள். டிவி சரியாக உருளாமல் படம் மேலும் கீழும் ஓடும்போது நடுவில் ஒரு கறுப்புப் பட்டை தெரியுமே, அதுதான் அந்தக் காலி இடம். பிபிசி பொறியாளர்கள் அந்தக் கறுப்புப் பட்டைக்குள் எழுத்தை ஒளித்து அனுப்பினார்கள். அவர்கள் முதலில் தேடியது காது கேளாதவர்களுக்கு வசன எழுத்து அனுப்ப ஒரு வழி. தேடும்போதுதான் அந்த இடத்தில் முழுப் பக்கங்களையே அனுப்பலாம் என்று தெரிய வந்தது.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு காலிக் கோட்டில் ஒரு வரி எழுத்து போகும். ஒரு வரிக்கு 40 எழுத்து. ஒரு பக்கத்துக்கு 24 வரி. ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு கோடுகளை எடுத்துக்கொண்டார்கள். விநாடிக்கு 50 முறை என்றால் 100 வரி, அதாவது சுமார் நான்கு பக்கம். ஆக 100 பக்கங்களையும் ஒரு சுற்று அனுப்பி முடிக்க 25 விநாடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நாள் முழுக்க இதே சுற்றுதான்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் சுற்றி வருவாரே, அதேதான். நமக்கு வேண்டும் என்றால் அவர் நம் இலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஓட்டல் மாதிரி ஆர்டர் கொடுக்க முடியாது. பார்ப்பவர் 302 என்று அடிக்கும்போது அந்தச் செய்தி பிபிசிக்குப் போகவே போகாது. டிவி சும்மா உட்கார்ந்து, ஓடிவரும் பக்கங்களில் 302 வரும்போது பிடித்துக் காட்டும். அவ்வளவுதான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்த இடம் சுவாரசியமாக இருக்கும். ஒரு ஆள் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் அனுப்புகிற செலவு ஒன்றுதான். கூடுதலாக வரும் ஒரு வாசகருக்கு ஆகும் செலவு பூஜ்ஜியம். பாடப்புத்தகத்தில் 'பொதுப் பண்டம்' என்று ஒரு பக்கம் இருக்குமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 2001 செப்டம்பர் 11 அன்று பல செய்தி இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் திணறின. டெலிடெக்ஸ்டுக்கு அந்தப் பிரச்சினையே வராது. எத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்தாலும் வாளி காலியாகாது. அதோடு யார் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்று அனுப்புபவருக்குத் தெரியவும் வழியில்லை. தெரிய வேண்டுமானால் ஆட்களிடம் போய்க் கேட்டுக் கணக்கெடுக்க வேண்டும்.

1974 செப்டம்பர் 23 அன்று 30 பக்கங்களோடு சீஃபேக்ஸ் தொடங்கியது. பெயரை ஆங்கிலத்தில் உச்சரித்துப் பார்த்தால் 'தகவல்களைப் பார்' என்று ஒலிக்கும். முதல் ஆசிரியர் காலின் மெக்கின்டயர். தொடக்கத்தில் பக்கங்களைப் புதுப்பித்தது அவர் ஒருவரேதான். படிக்க ஆளும் அப்போது குறைவு, ஏனென்றால் இதைக் காட்டக்கூடிய டிவி பெட்டிகள் கைவிட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன, விலையும் அதிகம். தனியார் பக்கத்தில் ஐடிவி, ஆரக்கிள் என்ற பெயரில் போட்டிச் சேவையைக் கொண்டு வந்தது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு முறையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல் ஒரே தொழில்நுட்ப முறைக்கு ஒத்துக்கொண்டார்கள். இது பெரிய விஷயம். ஒரே பெட்டியில் இரண்டும் தெரிந்ததால்தான் டிவி தயாரிப்பாளர்கள் துணிந்து இறங்கினார்கள். பின்னால் சில்லு விலை இறங்க இறங்க சாதாரண டிவியிலும் இந்த வசதி வந்துவிட்டது.

இதே காலத்தில் பிரிட்டன் அஞ்சல் துறை 1979ல் பிரெஸ்டெல் என்று இன்னொன்றைத் தொடங்கியது. அது போன் லைன் வழியாக வருவது. அதில் ஆர்டர் கொடுக்கலாம், பதில் அனுப்பலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சீஃபேக்ஸைவிடப் பல படி மேல். ஆனால் போன் கட்டணம் தனி, சில பக்கங்களுக்குக் கட்டணம் தனி. சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. பிரான்ஸில் மினிடெல் போன் வழியாகவே பெரிய வெற்றி பெற்றது, உண்மைதான். ஆனால் அங்கே கருவியையே அரசாங்கம் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. அந்த மினிடெல்லும் மூடப்பட்டது 2012லேயே, ஜூன் 30 அன்று. ஒரே வருடத்தில் இரண்டு சாவு!

1980களிலும் 90களிலும் சீஃபேக்ஸ் பிரிட்டன் வீடுகளில் ஓர் அங்கமாகிவிட்டது. 90களில் உச்சத்தில் இருந்தபோது வாரத்துக்கு சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். நாட்டின் மக்கள் தொகையே அப்போது 6 கோடிக்குள்தான். சனிக்கிழமை மதியம் கால்பந்து ரசிகர்கள் ஸ்கோர் பக்கத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எல்லா ஆட்டமும் ஒரே பக்கத்தில் அடங்காது. ஒரே எண்ணுக்குள் மூன்று நான்கு துணைப் பக்கங்கள் மாறி மாறி வரும். தன் அணியின் பக்கம் வருவதற்குள் பிராணன் போய்விடும். எண் மாறியிருந்தால் கோல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். யார் போட்டது, எப்படிப் போட்டது என்றெல்லாம் உடனே தெரியாது. வெறும் எண்ணைப் பார்த்துக் குதித்த ஒரு தலைமுறை அது.

இரவில் நிகழ்ச்சி எதுவும் இல்லாத நேரத்தில் பிபிசி இந்தப் பக்கங்களையே பின்னணி இசையோடு திரையில் ஓட்டியது. டெலிடெக்ஸ்ட் டிவி இல்லாதவர்களும் அப்போது பார்க்கலாம். இன்னொரு வேடிக்கை, 1983 முதல் 1989 வரை பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்கு மென்பொருளையே சீஃபேக்ஸ் வழியாக ஒளிபரப்பினார்கள். ஆண்டெனாவில் வந்து இறங்கும் மென்பொருள்!

எழுதுபவர்கள் பக்கம் பார்த்தால் இந்தச் சேவையின் கெடுபிடி புரியும். 40 எழுத்து அகலம், 24 வரி உயரம். கறுப்பையும் சேர்த்து எட்டே வண்ணங்கள். படம் வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கட்டங்களை அடுக்கித்தான் வரைய வேண்டும், நம் வீட்டு வாசல் புள்ளிக் கோலம் போல. ஒரு செய்தி நான்கு சிறிய பத்திகளுக்குள் முடிந்துவிட வேண்டும். இழுக்க இடமில்லை, சுற்றி வளைக்க இடமில்லை. இந்தப் பழக்கம் சீஃபேக்ஸோடு போய்விடவில்லை. 1997ல் தொடங்கிய பிபிசி செய்தி இணையதளத்தில் ஒரு செய்தியின் முதல் நான்கு பத்திகளே சீஃபேக்ஸுக்கும் போகும்படி அமைத்திருந்தார்கள். அந்தத் தளத்தின் தலைப்புகள் பல வருடம் முப்பத்திச் சொச்சம் எழுத்துக்குள் கச்சிதமாக இருந்ததற்கும் காரணம் சீஃபேக்ஸ் திரையின் அகலம்தான். 'ஆஹா, என்ன சுருக்கமான தலைப்பு' என்று இணைய வடிவமைப்பு நிபுணர்கள் பின்னாளில் பாராட்டியது இதைத்தான்.

அப்படியானால் ஏன் மூடினார்கள்?

'இணையம் வந்தது, டெலிடெக்ஸ்ட் போனது' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மை. பாதி உண்மையைத் தனியார் சேவையின் கதையில் பார்க்கலாம். ஆரக்கிள் தன் உரிமத்தைப் போட்டியில் இழந்து 1992 டிசம்பர் 31 அன்று நின்றது. மறுநாளே டெலிடெக்ஸ்ட் லிமிடெட் என்ற நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது. அதன் வருமானம் விளம்பரம், குறிப்பாக விடுமுறைப் பயண விளம்பரங்கள். ஸ்பெயினுக்கு விமான டிக்கெட், கிரீஸில் ஓட்டல் அறை என்று பக்கம் பக்கமாக மலிவு விலைப் பட்டியல் ஓடும். இணையத்தில் அதே டிக்கெட்டைத் தேடி வாங்க முடிந்ததும் விளம்பரக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். உரிமக் காலம் இன்னும் பல வருடம் பாக்கியிருக்கும்போதே, 2009 டிசம்பரில், நிறுவனம் செய்திப் பக்கங்களை நிறுத்திவிட்டது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் உரிமத்தை ரத்து செய்தது. லாபத்தை நம்பி ஓடியது, லாபம் நின்றதும் நின்றது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் சீஃபேக்ஸுக்கு விளம்பரமே கிடையாது. பிரிட்டன் மக்கள் கட்டும் டிவி உரிமக் கட்டணத்தில் ஓடியது அது. விளம்பரக்காரர் ஓடிப்போனதால் அது சாகவில்லை. அது குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள் என்பதுதான் சரி. அனலாக் ஒளிபரப்பின் காலிக் கோடுகளில் வாழ்ந்த சேவை, அனலாக் போனதும் இடமில்லாமல் நின்றது. 2007ல் வடமேற்கு இங்கிலாந்தின் வைட்ஹேவன் என்ற ஊரில் தொடங்கி பகுதி பகுதியாக அனலாக்கை நிறுத்திக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் அன்றோடு சீஃபேக்ஸும் போனது. 2012 ஏப்ரலில் லண்டன். அக்டோபரில் வட அயர்லாந்து. அதாவது சீஃபேக்ஸ் ஒரே இரவில் சாகவில்லை. ஐந்து வருடம் ஊர் ஊராகச் செத்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். டிஜிட்டலுக்கு மாறினால் டெலிடெக்ஸ்டை விட்டுத்தான் ஆக வேண்டுமா? இல்லை! டிஜிட்டல் ஒளிபரப்போடு பழைய டெலிடெக்ஸ்ட் பக்கங்களைச் சேர்த்து அனுப்ப முறையான தொழில்நுட்ப விதியே உண்டு. நெதர்லாந்து 2006லும் ஸ்வீடன் 2007லும் தரைவழி அனலாக்கை நிறுத்தின. இரண்டு நாட்டிலும் டெலிடெக்ஸ்ட் நிற்கவில்லை. ஜெர்மனியிலும் நிற்கவில்லை. இவையெல்லாம் இணையம் இல்லாத பின்தங்கிய நாடுகளா என்ன? இணையம் வீட்டுக்கு வீடு பரவிய நாடுகள். நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் செல்போனிலேயே அந்த டெலிடெக்ஸ்ட் பக்கங்களைப் பார்க்கும்படி செயலிகளும் வந்தன. அதே கறுப்புத் திரை, அதே கட்டம் கட்டமான எழுத்து. மக்கள் அதை விரும்பிப் பார்த்தார்கள்.

பிரிட்டன் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. டிஜிட்டல் டிவிக்கு வேறொரு ஊடாடும் முறையைக் கொண்டு வந்து, அதில் ரிமோட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் புதிய செய்திப் பக்கங்கள் வரும்படி செய்தார்கள். பார்வைக்கு நன்றாக இருந்தது. படம், அழகான எழுத்து எல்லாம் உண்டு. ஆனால் மூன்று எண்ணை அடித்தால் நேரே போய் நிற்கிற அந்தப் பழைய வேகம் அதில் இல்லை என்று நிறையப் பேர் குறைப்பட்டார்கள். டெலிடெக்ஸ்டைக் கண்டுபிடித்த நாடே அதை விட்டுவிட, அவர்களிடமிருந்து கற்றுக்கொண்ட நாடுகள் அதை வைத்துக்கொண்டன. எனவே சீஃபேக்ஸைத் தொழில்நுட்பம் கொன்றது என்று சொல்வதைவிட, ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு கொன்றது என்று சொல்வதே நியாயம். அந்த முடிவு தப்பு என்று அடித்துச் சொல்லவும் முடியாது. புதிய முறையில் செய்ய முடிந்த பல காரியங்கள் பழையதில் முடியாது. ஆனால் வேறு வழியே இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது.

சிவப்புப் பொத்தான் சேவையின் பிற்காலத்தையும் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதன் எழுத்துப் பக்கங்களை 2020 ஜனவரி 30 அன்று நிறுத்துவதாக பிபிசி 2019ல் அறிவித்தது. காரணம், செலவுக் குறைப்பு. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, இது எதற்கு என்ற அதே வாதம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் அமைப்பு ஒன்று கையெழுத்து வாங்கி மனு கொடுத்தது. ஸ்மார்ட்போனும் இணையமும் பயன்படுத்தாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாக வாழ்பவர்கள் செய்திக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார்கள். மூடுவதற்கு முந்தைய நாள் பிபிசி முடிவைத் தள்ளி வைத்தது. பிறகு பக்கங்களைக் குறைத்து, முக்கியச் செய்தி, விளையாட்டு, வானிலை ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னது. 1974ல் காது கேளாதவர்களுக்கு வழி தேடப் போய்ப் பிறந்த சேவையின் வாரிசை 2020ல் கண் தெரியாதவர்கள் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு விஷயம், வரலாறு என்று பார்த்தால் இதுதான் மிகவும் கவலைக்குரியது. சீஃபேக்ஸில் ஒரு பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய பக்கம் அழிந்துவிடும். 38 வருடம் நாள்தோறும் பலமுறை மாறிய பக்கங்களில் முழுமையான தொகுப்பு என்று எதுவும் இல்லை. நூலகத்துக்குப் போய் 1985ஆம் வருடப் பத்திரிகையைப் புரட்டலாம். அதே நாள் சீஃபேக்ஸ் 101ஆம் பக்கத்தைப் புரட்ட முடியாது. கோடிப் பேர் படித்த ஒரு 'பத்திரிகை', பழைய இதழ் ஒன்றுகூட எடுத்து வைக்கப்படாமல் போனது.

ஆனால் ஒரு சந்து இருந்தது. மக்கள் வீட்டில் வீடியோ கேசட்டில் சினிமாவோ தொடரோ பதிவு செய்யும்போது, அந்தக் காலிக் கோடுகளும் கூடவே பதிவாகின. பதிவு செய்தவருக்கே அது தெரியாது. கேசட்டைப் போட்டு டெக்ஸ்ட் பொத்தானை அழுத்தினால் குப்பை எழுத்துகள்தான் வரும், ஏனென்றால் சாதாரண வி.எச்.எஸ். கேசட்டுக்கு அவ்வளவு நுணுக்கமான சிக்னலைத் தாங்கும் சக்தி கிடையாது. ஆர்வலர்கள் சிலர் இதற்கென்று மென்பொருள் எழுதினார்கள். ஒரே பக்கம் சுற்றிச் சுற்றிப் பலமுறை வந்திருக்கும் அல்லவா? அந்த மங்கிய பிரதிகள் அத்தனையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த இடத்தில் எந்த எழுத்து இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கிற மென்பொருள் அது. அதே சாம்பார் வாளி திரும்பத் திரும்ப வந்ததுதான் இங்கே கைகொடுத்தது.

இப்படி 80களின், 90களின் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் மீட்கப்பட்டிருக்கின்றன. என்றைக்கோ நடந்த ஆட்டங்களின் ஸ்கோர், மறந்துபோன தலைப்புச் செய்திகள், ஒரு செவ்வாய்க்கிழமையின் வானிலை, காலாவதியான விமான டிக்கெட் விலை என்று எல்லாம் கலந்து கிடைக்கிறது. எந்த நாள் பக்கம் கிடைக்கும் என்பது அன்று யாராவது எந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல சினிமா போட்ட இரவுகளின் பக்கங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். யாரும் எதையும் பதிவு செய்யத் தோன்றாத நாட்களுக்கு எதுவும் இல்லை. பரணில் கிடக்கும் கேசட்டுகளும் வருடா வருடம் பூஞ்சை பிடித்துக் கெட்டுக்கொண்டிருக்கின்றன.